நான் பூட்டிய பைப்

மகள் வாசலில் வந்து நின்றபோது என் கணவர் அடுப்புக்கு முன்னால் குனிந்திருந்து சாம்பல் வாரிக்கொண்டிருந்தார்.

வெளியே ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. நிரோ ஒரு கையில் கூடையோடு குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மற்றக் கையில் ஒரு பை, தோளில் இன்னொன்று. பிள்ளை பெற்று மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"உள்ளை வரலாமோ?" என்று கேட்டாள்.

தாய்வீட்டு வாசலில் நின்று ஒரு பெண்பிள்ளை கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவள் என்னைக் கேட்கவில்லை. இவருடைய முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

இவர் தலையை நிமிர்த்தவில்லை. இரும்புக் கரண்டி சாம்பல் தட்டில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வா பிள்ளை, வா. கதவைச் சாத்து, பிள்ளைக்குக் குளிரும்," என்று நான்தான் ஓடிப்போய்க் கூடையை வாங்கினேன். அவள் என் பின்னால் வந்தாள். குசினியைக் கடக்கும்போது அடுப்பின் வெக்கை முகத்தில் பட்டிருக்க வேண்டும். ஒரு கணம் கண்ணை மூடி நின்றாள். அவர்களுடைய வீட்டில் நான்கு நாளாக ஒரு சொட்டுச் சுடுதண்ணி இல்லை.

நாங்கள் அறைக்குள் போனபிறகுதான் இவர் எழும்பினார். நான் எட்டிப் பார்த்தேன். முகமெல்லாம் சாம்பல். வாசலில் அவள் விட்டுப்போன ஈரச் சப்பாத்து அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இந்த அத்தியாயத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். போன ஞாயிறு இவரிடம் கேட்டேன், "இஞ்சாருங்கோ, அந்தப் பனிக் கிழமையைப் பற்றி எழுதட்டோ?" என்று.

"எழுதும். ஆனால் அடுப்பைப் பற்றிப் பிழையாய் எழுதாதையும்," என்றார்.

கோட் போட்டுக்கொண்டு இருந்த மனிதர்

இவருக்கும் நிரோவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பெரிய சண்டை நடந்திருந்தால் ஒருவேளை சுகமாகத் தீர்ந்திருக்கும்.

நிரோ எங்களுக்கு ஒரே பிள்ளை. ரயிலில் டிக்கெட் பார்க்கிற யோனாஸ் என்ற ஜெர்மன் பெடியனை விரும்பினாள். இரண்டு பேருமாகப் பதிவுத் திருமணத்துக்கு டெர்மின், அதாவது நாள், எடுத்துவிட்டு, பிறகுதான் எங்களிடம் வந்து சொன்னார்கள். அது இவருக்குப் பொறுக்கவில்லை. "கேட்டிருந்தால் வேண்டாம் எண்டோ சொல்லப் போறன்? கேக்கேல்லையே," என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கலியாண நாளன்று காலையில் இவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தார். நான் சேலை உடுத்து வந்து, "வெளிக்கிடுவமே?" என்றேன். எழும்பவில்லை. நான் மட்டும் பஸ்ஸில் போனேன். பின்னேரம் திரும்பி வந்தபோதும் அதே சோபாவில், அதே கோட்டோடு இருந்தார். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

அதன்பிறகு இரண்டு வருடம். நிரோ பேசினால் என்னோடு பேசுவாள். குழந்தை பிறந்தபோது என்னை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோய் விட்டவர் இவர்தான். நான் மேலே போய்ப் பேத்தியைத் தூக்கி வைத்திருந்த இரண்டு மணித்தியாலமும் இவர் கார் நிறுத்தும் இடத்தில் இருந்தார். திரும்பி வந்து ஏறியதும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முடி இருக்கோ?"

"ஓம், நிறைய," என்றேன். காரை எடுத்தார்.

அடுப்போடு வந்த வீடு

பீலெஃபெல்ட் நகரத்தில் மூன்றாம் மாடியில் இருந்த நாங்கள், காட்டு ஓரத்தில் இந்தப் பழைய வீட்டுக்கு வந்தது இவருடைய தொழிற்சாலை மூடிய பிறகு. சமையலறை அலுமாரிகள் செய்கிற தொழிற்சாலை. முப்பது வருடம் மற்றவர்களின் குசினிக்குக் கதவு பொருத்தியவருக்கு, வயது அறுபதை நெருங்கும்போது வேலை இல்லை என்றாகிவிட்டது. வீட்டில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பத்திரிகையில் இந்த வீட்டு விளம்பரத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்.

வீடு மலிவாக வந்ததற்குக் காரணம் அடுப்பு. முழு வீட்டுக்கும் சூடு தருவது, குளியலறைக்குச் சுடுதண்ணி தருவது எல்லாமே குசினியில் நின்ற அந்த ஒரே ஒரு விறகடுப்புத்தான். இந்தக் காலத்தில் யார் விறகு கொத்தித் தண்ணி காய்ச்சுவார்கள்? வந்து பார்த்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

வெள்ளை எனாமல் பூசிய, இடுப்புயர அடுப்பு. மேலே கனத்த இரும்புத் தட்டு. முன்பக்கம் துவாய் காயப்போடப் பளபளவென்று ஒரு கம்பி. வந்த முதல் கிழமையே அந்த இரும்புத் தட்டை எண்ணெய் விட்டுத் தேய்த்து நேராகவே தோசை சுட்டேன். தோசைக்கல்லில் வராத முறுகல் வந்தது. அன்றைக்கே அடுப்பு எனக்குச் சொந்தக்காரியாகிவிட்டது.

"உதைக் கழட்டிப்போட்டு வேறை ஹைட்ஸுங் பூட்டவேணும்," என்றுதான் இவர் முதலில் சொன்னார். அந்த வெப்பமூட்டியைப் பூட்டுகிற வேலைக்காரர்களிடம் கேட்டால், எட்டு மாதத்துக்குப் பிறகுதான் டெர்மின் என்றார்கள். எரிவாயு விலை ஏறி, நாட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெப்பமூட்டி மாற்றப் புறப்பட்டிருந்த காலம் அது. அதனால் ஒரு குளிர்காலம் அடுப்போடு இருப்பது என்று முடிவாயிற்று.

இனி இவர் பிழையாக எழுத வேண்டாம் என்று சொன்ன பகுதி.

அடுப்பில் நெருப்பு எரிகிற இடத்துக்குப் பின்னால் இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே தண்ணீர். நெருப்பு அந்தத் தண்ணீரைச் சூடாக்கும். கைமுஷ்டி அளவான ஒரு மின்சாரப் பம்பு அதை மேல்மாடியில் இருக்கும் பெரிய தண்ணீர்த் தாங்கிக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். சூடு தாங்கியில் இறங்கும். ஆறிய தண்ணீர் திரும்ப அடுப்புக்கு வரும். குளியலறையில் பைப்பைத் திறந்தால் சுடுதண்ணி.

பம்பு நின்றுவிட்டால்? நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். சூடு போக வழியில்லை. மூடிய பானை மாதிரித் தண்ணீர் உள்ளேயே கொதித்து, அடுப்பு வெடிக்கவும் கூடும். அதற்காகத்தான் பக்கத்துச் சாமான் அறைச் சுவரில் இன்னொரு குழாய் இருந்தது. அதில் எப்போதும் பச்சைத்தண்ணி காத்துக்கொண்டிருக்கும். சூடு எல்லை மீறினால் அங்குள்ள வால்வு தானாகத் திறக்கும். பச்சைத்தண்ணி அடுப்புக்குள் இருக்கும் சுருள் குழாயில் பாய்ந்து, சூட்டை வாரிக்கொண்டு வடிகாலுக்கு ஓடிவிடும். அதற்கு மின்சாரம் தேவையில்லை. அந்தக் குழாயில் இருக்கும் சிவப்புப் பைப் திறந்திருந்தால் மட்டும் போதும்.

சிவப்புப் பைப்பில் ஒரு பழைய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டின் முந்திய சொந்தக்காரர் எழுதியது. 'பூட்டக் கூடாது' என்று ஜெர்மனில் இரண்டே சொல். கீழே இரண்டு கோடு.

இவர் அந்த அடுப்பை ஒரு மாதத்தில் படித்துவிட்டார். எந்தக் கட்டை எவ்வளவு நேரம் நிற்கும், காற்றுக் கதவை எத்தனை விரற்கடை திறக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. காலையில் எழும்பி மூட்டுவார். குழாயில் பொருத்திய சூடு காட்டும் முள் அறுபதைத் தொட்டதும், "தண்ணி வந்திட்டுது, குளியும்," என்பார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் காணாமல் போனார். எட்டு மாதத்தில் வரப்போகிற டெர்மினைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

ஒரு பானை, இன்னொரு பானை

சுடுதண்ணி என்றால் நான் வளர்ந்த காலத்தில் வருத்தக்காரரின் தண்ணி. காய்ச்சல் விட்டவர்களும் பிள்ளை பெற்றவர்களும்தான் அதில் குளிப்பார்கள். சுகமாக இருக்கிற ஒருவர் தினமும் சுடுதண்ணியில் குளிப்பார் என்பதை இந்த நாட்டுக்கு வந்துதான் அறிந்தேன்.

வந்த புதிதில் அகதிகள் விடுதியான ஹைமில் இருந்தோம். காலையில் ஒரு மணித்தியாலம்தான் சுடுதண்ணி. பல நாட்டுப் பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்போம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் வரிசையில் முன்னால் பாய்கிறவளைப் பேசுவதற்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே மொழி வந்துவிடும்.

நிரோ அந்த ஹைமில்தான் பிறந்தாள். பொதுச் சமையலறையில் இரண்டு வளையம் உள்ள மின்சார அடுப்பு. இவர் ஒரு பானையில் தண்ணி கொதிக்க வைத்து, நீண்ட நடைபாதையில், "ஆஹ்டுங், ஆஹ்டுங்," என்று கத்திக்கொண்டு தூக்கி வருவார். அப்போது இவருக்குத் தெரிந்த ஜெர்மன் பத்துச் சொல்லில் 'கவனம்' என்ற அந்தச் சொல்லும் ஒன்று. ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுவார்கள். ஒரு பானையை ஊற்றிவிட்டு அடுத்த பானைக்கு ஓடுவார். இரண்டாம் பானை வரும்போது முதல் பானை ஆறியிருக்கும்.

பிறகு நான் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். நாள் முழுக்கக் கொதிநீரும் நீராவியும். எங்கள் மேற்பார்வையாளர் முதல் நாளே சொன்ன பாடம், சூடு வெளியேறுகிற வழியை ஒருபோதும் அடைக்காதே என்பது. அந்தப் பாடத்தைப் படித்தவள்தான் நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல ஏலாது.

சொட்டு

நிரோ இருக்கும் கட்டடத்தில் வெப்பமூட்டி பழுதாகிவிட்டது. திருத்துகிறவர் வரப் பத்து நாளாகும் என்று யோனாஸ் எனக்குத் தொலைபேசியில் சொன்னான். அவனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. பனியால் ரயில்கள் குழம்பியிருந்தன.

"நிரோவும் பிள்ளையும் இஞ்சை வந்து நிக்கட்டும் எண்டு சொல்லட்டோ?" என்று இவரிடம் கேட்டேன். கோடரியை எடுத்துக்கொண்டு பின்னுக்குப் போனார். பின்னேரம் பார்த்தால் வழமையைவிட மூன்று மடங்கு விறகு சுவரோடு அடுக்கி இருந்தது. அடுத்த நாள் நகரத்துத் தமிழ்க்கடைக்குப் போய் வேப்பிலைக் கட்டு ஒன்றும் வாங்கி வந்து மேசையில் வைத்தார். பிள்ளை பெற்றவளுக்கு வார்க்கிற தண்ணிக்கு அது.

நிரோ வந்த அந்த நாளே வேப்பிலை அவித்த தண்ணி வார்த்தேன். பைப்பைத் திறந்தால் சுடச்சுட வருகிறது. பானை தூக்க வேண்டாம், ஓட வேண்டாம். குளித்துவிட்டு வந்து கட்டிலில் விழுந்தவள் ஐந்து மணித்தியாலம் நித்திரை.

ஆனால் குழந்தை நித்திரை கொள்ளவில்லை.

அவர்களுக்குக் கொடுத்த அறை சாமான் அறைக்கு அடுத்தது. நடுவில் மெல்லிய பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நான் சொன்ன பாதுகாப்புக் குழாய். சில நாளாக அதன் வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. வடிகாலில் வைத்த தகரப் புனலில் 'டொக்... டொக்...' என்று சொட்டிக்கொண்டே இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. குழந்தை ஒவ்வொரு சொட்டுக்கும் திடுக்கிட்டுக் கையை விரித்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம். நிரோ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து களைத்துப்போய்க் கட்டில் விளிம்பில் இருந்தாள். கண்ணில் தண்ணீர். "அம்மா, அந்தச் சத்தத்தை ஒருக்கா நிப்பாட்ட ஏலாதோ?" என்றாள்.

சாமான் அறைக்குள் போனேன். புனலுக்குள் துணி வைத்திருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. சிவப்புப் பைப் கண் முன்னால் இருந்தது. அட்டையை வாசித்தேன். இரண்டு கோட்டையும் பார்த்தேன். ஒரு மணித்தியாலம்தானே, பிள்ளை நித்திரையானதும் திறந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பூட்டினேன்.

சொட்டு நின்றது. குழந்தை நித்திரையானாள். நிரோவும் பக்கத்தில் சரிந்தாள். இரண்டு பேருடைய மூச்சையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பிறகு குசினிக்குப் போய்ச் சொதிக்குத் தேங்காய்ப்பால் கரைக்கத் தொடங்கினேன்.

மறந்துபோனேன்.

கறன்ட் போன மத்தியானம்

அன்று பிள்ளைக்குத் தலைமுழுக்கு. அதனால் இவர் அடுப்பில் விறகை நிறைய அடைத்து வைத்திருந்தார். பெரிய கட்டைகள், நல்ல காய்ந்த மரம். அடைத்துவிட்டு, விறகு வண்டி வரும் பாதையில் பனி வழிக்க வெளியே போனார்.

குசினி விளக்கு அணைந்தது. ஈரப்பனி எங்கோ மின்கம்பியை முறித்திருக்கிறது. பகல்தானே என்று நான் பெரிதாக எடுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வெங்காயம் வெட்டினேன். பம்பின் மெல்லிய இரைச்சல் நின்றதை என் காது கவனிக்கவேயில்லை.

முதலில் ஒரு முனகல் போல ஏதோ கேட்டது. பிறகு குழாய்க்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல 'டங்' என்றது. இன்னொரு முறை. அடுப்பு முழுதும் ஒருமுறை அதிர்ந்தது. மேலே இருந்த சட்டி மூடி துள்ளியது. முள்ளைப் பார்த்தேன். தொண்ணூறைத் தாண்டிச் சிவப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன்.

இவர் பனிச் சப்பாத்தோடு ஓடிவந்தார். ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. காற்றுக் கதவை இறுக மூடினார். பிறகு தலையைச் சாய்த்துச் சாமான் அறைப் பக்கம் காது கொடுத்தார். அந்தப் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீர் பாய்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை.

"ஏன் தண்ணி பாயேல்லை? ஏன் பாயேல்லை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே அடுப்பு வாயைத் திறந்து, குறட்டால் எரிகிற கட்டைகளைப் பிடுங்கிச் சாம்பல் வாளிக்குள் போட்டார். வாளியைக் கொண்டுபோய்ப் பனியில் கொட்டிவிட்டு மறுபடி ஓடிவந்தார். குசினி முழுக்கப் புகை.

அந்த நேரம் பார்த்து நிரோ குழந்தையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். குறட்டிலிருந்து ஒரு கட்டை நழுவி அவளுடைய காலடிக்கு உருண்டது. இவர் குனிந்து அதை வெறுங்கையால் தூக்கி வாளிக்குள் எறிந்தார்.

"வெளியாலை போ! பிள்ளையைக் கொண்டு வெளியாலை போ நிரோ!"

இரண்டு வருடத்தில் அவளுடைய பெயரை இவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் குழந்தையைக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு பனிக்குள் ஓடினாள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சாமான் அறைக்கு ஓடி, சிவப்புப் பைப்பை இரண்டு கையாலும் திருகினேன். அவசரத்தில் முதலில் மறுபக்கம் திருகிவிட்டேன். பிறகு திறந்தது.

ஒரு இரைச்சல். பச்சைத்தண்ணி பாய்ந்தது. புனலில் கொதிநீர் சீறிக்கொண்டு விழுந்தது. அறை நீராவியால் நிறைந்தது. சுத்தியல் அடி ஒன்று, இன்னொன்று, பிறகு சிறிதாக ஒன்று. நின்றது.

திரும்பினேன். இவர் வாசலில் நின்றார். என் கை இன்னும் பைப்பில் இருந்தது. அதைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை படுத்த அறையையும் பார்த்தார்.

இரண்டு பொய்

நிரோவைக் காருக்குள் கண்டுபிடித்தேன். பின் இருக்கையில் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். பயம் ஒன்றுமில்லை, எல்லாம் சரி என்று சொல்லி உள்ளே கூட்டி வந்தேன்.

இவர் வலது கையைப் பச்சைத்தண்ணி வாளிக்குள் விட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

நிரோ அதைக் கவனிக்கவில்லை. "என்ன நடந்தது? ஏன் தண்ணி வரேல்லை? அதுக்கெண்டுதானே அந்தக் குழாய் இருக்கு எண்டு அம்மா சொன்னவ!" என்று கத்தினாள்.

நான் வாயைத் திறந்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"என்ரை பிழை. அந்தப் பைப்பை நான்தான் பூட்டி வைச்சனான். ஒழுகிச்சுது எண்டு."

"பிள்ளை இருக்கிற வீட்டிலையோ அப்பா? உங்களுக்கு ஒருநாளும் மற்ற ஆக்களைப் பற்றி யோசினை இல்லை. கலியாணத்துக்கும் அப்பிடித்தான். இப்பவும் அப்பிடித்தான்!"

இவர் தலையை ஆட்டினார். ஓம், அப்படித்தான் என்பது போல. சத்தத்தை நிற்பாட்டச் சொல்லி நான் இவரிடம் சொன்னேன் என்றுதான் நிரோ நினைத்திருக்க வேண்டும்.

நான் பேசாமல் நின்றேன். வாசகர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, நான் அன்று பேசாமல்தான் நின்றேன். அவர் சொன்னது ஒரு பொய் என்றால், நான் நின்ற நிலை இரண்டாவது பொய்.

நிரோ யோனாஸுக்குத் தொலைபேசி எடுத்து, நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்தினாள். இவருடைய கைக்குக் கட்டுப் போடும்போது நான் மெதுவாகக் கேட்டேன், "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"என்னோடை அவள் ஏற்கெனவே கோவம். உம்மோடையும் கோவிச்சால் ஆரிட்டைப் போவாள்?" என்றார். பிறகு, "இறுக்கிக் கட்டாதையும், நோகுது," என்றார்.

கழற்றிய கைப்பிடி

மின்சாரம் பின்னேரமே வந்துவிட்டது. ஆனால் அடுப்பை இவர் மூட்டவில்லை. வெப்பமூட்டி வேலை செய்கிறவர்களுக்கு அவசரம் என்று சொல்லி அழைத்தார். அடுத்த நாள் காலையில் ஃபிராவ் மையர் என்ற பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். நீலக் காற்சட்டையும் முழங்காலில் தோல் பட்டியுமாக. அடுப்பின் பின்புறம் படுத்து, வெளிச்சம் அடித்து, ஒவ்வொரு குழாய் இணைப்பையும் தடவிப் பார்த்தாள். வால்வைக் கழற்றி உள்ளே இருந்து எதையோ விரல்நுனியில் எடுத்துக் காட்டினாள். கடுகளவு சுண்ணாம்புக் கல். அதுதான் சொட்டுக்குக் காரணம்.

வால்வைத் துடைத்துத் திரும்பப் பொருத்திவிட்டு எழும்பினாள். யோனாஸும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தான். வாசலுக்குள் கால் வைக்காமல், தொப்பியைக் கையில் பிடித்தபடி படியில் நின்றான். நிரோ பைகளைக் கட்டி வைத்துவிட்டுக் குழந்தையோடு நின்றாள்.

"அடுப்பு தப்பிவிட்டது. நீங்களும் தப்பிவிட்டீர்கள்," என்றாள் ஃபிராவ் மையர். "ஆனால் எனக்கு ஒன்று தெரியவேண்டும். இந்தக் குழாயைப் பூட்டியது யார்?"

"நான்," என்றார் இவர்.

"இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி இருக்கிறதே. உங்கள் வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது, ஐயா."

இவர் கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிழை செய்த பிள்ளை மாதிரி நிலத்தைப் பார்த்தார். முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட வேலைக்குப் பிந்திப் போகாத மனிதர்.

எனக்கு அதற்குமேல் ஏலவில்லை.

"அவர் இல்லை. நான்தான் பூட்டினேன்," என்று ஜெர்மனில் சொன்னேன். பிறகு நிரோவைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "பிள்ளை நித்திரை கொள்ளட்டும் எண்டு பூட்டினனான். அட்டையை வாசிச்சுப்போட்டுத்தான் பூட்டினனான். பிறகு மறந்துபோனன். அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது."

ஃபிராவ் மையர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பையிலிருந்து திருகுசாவி ஒன்றை எடுத்து, பைப்பின் சிவப்புக் கைப்பிடியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். "இனி யாரும் பூட்ட முடியாது," என்றாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நிரோ சுவரோடு சாய்ந்தாள். "நேற்று ஏன் சொல்லேல்லை அம்மா?"

"பயம் பிள்ளை. நீ என்னோடையும் கதைக்காமல் விட்டிடுவாய் எண்டு."

"நான் அப்பாவை எவ்வளவு பேசினன். நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் அழவில்லை. என்னைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பல் பல நாள் இருந்தது. இப்போதும் சில வேளை, நான் ஏதாவது சமாதானம் சொல்லத் தொடங்கினால் அவளுடைய முகத்தில் அது வந்து போகும். அது எனக்கு உரியதுதான்.

பிறகு அவள் இவரிடம் போனாள். "நீங்கள் ஏன் பொய் சொன்னனீங்கள்?"

இவர் எனக்குச் சொன்ன பதிலை அவளுக்குச் சொல்லவில்லை. "நான் பழகின ஆள்தானே," என்றார். உன்னுடைய கோபத்துக்கு என்று சேர்த்துச் சொல்லவில்லை. அவளுக்கு விளங்கியது. இவருடைய கையை இழுத்து, கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். எரிகிற விறகு உருண்டபோது தன் கால் எங்கே இருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். அந்தக் கையைக் கனநேரம் விடவில்லை.

யோனாஸ் பைகளைத் தூக்கக் குனிந்தான். "வை," என்றாள் நிரோ ஜெர்மனில். பிறகு இவரைப் பார்த்தாள்.

"அப்பா, அடுப்பை மூட்டுங்கோ. பிள்ளைக்கு இன்னும் தலை முழுக வார்க்கேல்லை."

இவர் அசையவில்லை. அந்த அடுப்பைப் பார்த்து இவர் பயந்ததை நான் அன்றுதான் கண்டேன். "திரும்பவும்..." என்று தொடங்கினார்.

"மூட்டுங்கோ. நான் இதிலைதான் நிக்கிறன்," என்றாள்.

தலைமுழுக்கு

இடது கையால் சுள்ளி வைத்து மூட்டினார். வழக்கமாக ஒரு தீக்குச்சியில் பிடிப்பவருக்கு அன்று நான்கு குச்சி செலவானது. முள் அறுபதைத் தொட ஒரு மணித்தியாலத்துக்குமேல் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவர் பம்புக்கும் முள்ளுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். நிரோ சொன்னபடி குசினியிலேயே கதிரை போட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைத் தொட்டியை மேசையில் வைத்தோம். இரண்டு வாளி சுடுதண்ணி, ஒரு வாளி பச்சைத்தண்ணி. யோனாஸ் உள்ளே வந்துவிட்டிருந்தான். ஆனால் எங்கே நிற்பது என்று தெரியாமல் குளிர்பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றான். கையில் மீன் வடிவத்தில் ஒரு வெப்பமானி.

நான் வழமைபோலத் தண்ணியில் கைவிடப் போனேன். நிரோ தடுத்தாள். "அப்பா பாக்கட்டும்."

இவர் சட்டைக் கையைச் சுருட்டி, இடது முழங்கையைத் தண்ணிக்குள் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"பிள்ளைக்குச் சுடும்," என்றார்.

யோனாஸ் வெப்பமானியைத் தண்ணிக்குள் விட்டு எடுத்துப் பார்த்தான். "முப்பத்தொன்பது. இரண்டு பாகை கூட," என்று மெல்லிய குரலில் சொன்னான்.

"அதைத்தானே நான் சொன்னனான்," என்று இவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"எனக்கு ஏன் சொல்லுறியள்? அவனுக்குச் சொல்லுங்கோ," என்றேன்.

குசினியில் பம்பின் சத்தம் மட்டும் கேட்டது. இவர் முழங்கையிலிருந்து தண்ணி வழிய வழிய யோனாஸின் பக்கம் திரும்பினார். அதுவரை அவனை எந்தப் பெயராலும் அழைத்ததில்லை. ஜெர்மனில் மரியாதைக்குச் சொல்கிற 'ஸீ'யும் இல்லை. நேரே வீட்டுப் பிள்ளைக்குச் சொல்கிற 'டூ'வில் தொடங்கினார்.

"நீ போய் இன்னொரு வாளி பச்சைத்தண்ணி கொண்டு வா. கெதியாய். பிள்ளை உடுப்பில்லாமல் கிடக்குது."

யோனாஸ் வெப்பமானியை மேசையில் போட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.